பந்து கேட்காதவன்

கை தூக்க மாட்டான். அவனைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது அதுதான்.

பாஸ்கெட்பால் கோர்ட்டில் ஐந்து பேர் ஆடினால் நான்கு பேர் கை தூக்கியபடியேதான் ஓடுவார்கள். ‘இங்க இங்க’, ‘பால் பால்’ என்று தொண்டை கிழியும். பந்து வந்த பிறகு என்ன செய்வதென்று தெரியாதவன்தான் அதிகம் கத்துவான், அது வேறு விஷயம். இவன் மட்டும் வலது மூலையில் போய், இரண்டு உள்ளங்கைகளையும் வயிற்றுக்கு நேரே விரித்து வைத்துக்கொண்டு நிற்பான். வாய் திறக்காது. கண்ணால்கூடக் கூப்பிட மாட்டான். பார்த்துக் கொடுத்தால் வாங்கிப் போடுவான். கொடுக்காவிட்டால் முகம் சுளிக்காமல் அடுத்த இடத்துக்குப் போய் நிற்பான்.

திண்டுக்கல்லில் வேலை, வியாபாரம், குடும்பம் என்று ஆன பிறகும் பந்தை விட மனசில்லாத சிலர் சேர்ந்து சாயங்காலம் ஆடுகிற டீம் எங்களுடையது. நானும் அவனும் கார்டுகள். பந்தைத் தட்டிக்கொண்டு போய், மறிக்கிறவனை ஏமாற்றி, யாருக்குக் கொடுப்பதென்று முடிவு செய்வது என் வேலை. தூரத்திலிருந்து கூடையில் போடுவது அவன் வேலை. என் கையில் பந்து வளர்த்த நாய்க்குட்டி மாதிரி கூடவே வரும். ஆனால் கூடையைப் பார்த்து எறிந்தேன் என்றால் போர்டில் அடித்து ரோட்டுக்குப் போய்விடும். அவன் எறிந்தால் வலை மட்டும்தான் அசையும். ஆனால் தட்டிக்கொண்டு வா என்றால் மூன்றாவது தட்டில் தன் கால் மேலேயே போட்டுக்கொள்வான். இரண்டு பேரையும் கூட்டினால் ஒரு முழு ஆட்டக்காரன் தேறுவான் என்று எதிர் டீம்காரர்கள் கிண்டல் செய்வார்கள். கோர்ட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவர் அதை இன்னும் சுருக்கிவிட்டார். எங்களைப் பார்த்ததும், “வாயும் கையும் வந்துருச்சு, ரெண்டு டீ போடு” என்பார்.

நான்தான் வாய். எங்கள் குடும்பத்துக்குத் தோல் வியாபாரம், பேரத்திலேயே வளர்ந்த வாய். அவன் நெய்க்காரப்பட்டியிலிருந்து படிக்க வந்து, நூல் மில்லில் வேலை கிடைத்து, இங்கேயே தங்கிவிட்டவன். ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்து, ஆட்டத்தின் நடுவே அத்தனை நீளமாகக் கூப்பிட முடியாமல் ‘பட்டி’ என்றாக்கி, கடைசிவரை எங்களுக்கு அவன் பட்டிதான்.

வத்தலக்குண்டில் ஒரு மேட்ச். ஒரு புள்ளி பின்னால் இருக்கிறோம், விசில் அடிக்கப் போகிறார்கள். பந்து என்னிடம். எனக்குப் புத்தி கெட்டு, நானே போட்டுவிடலாமென்று உள்ளே புகுந்தேன். பந்து வழக்கம்போல ரோட்டுக்குப் போனது. திரும்பிப் பார்த்தால் இவன் மூலையில் நிற்கிறான், பக்கத்தில் ஒரு ஈ காக்கா இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் எல்லார் முன்னாலும் கத்தினேன்.

“ஏன்டா, ஒத்தச் சத்தம் குடுத்திருந்தா திரும்பியிருப்பேன்ல? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?”

“நீ பாக்கல” என்றான்.

“பாக்கலைன்னா கூப்புடணும்டா!”

ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னான். “கூப்பிட்டு வாங்கற பந்து எனக்கு விழுகறதில்லடா. கை நடுங்குது. நீயாப் பாத்துக் குடுத்தீன்னாத்தான் விழுகுது.”

அதற்கு மேல் அவனோடு என்ன சண்டை போடுவது? அன்றிலிருந்து பந்து என் கைக்கு வந்தால் முதலில் வலது மூலையைப் பார்ப்பேன். அது ஒரு நோய் மாதிரி ஆகிவிட்டது. பஜாரில் நடக்கும்போதுகூட வலது பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று கண் போகும்.

கோர்ட்டில் மட்டும் என்றால் பரவாயில்லை. பிரியாணிக் கடையில் உட்கார்ந்தால் இலையில் விழுந்ததைத் தின்றுவிட்டு எழுந்துவிடுவான். எலும்பாகவே விழுந்தாலும் சரி. தால்ச்சா தீர்ந்திருக்கும், சோறு தொண்டையில் நிற்கும், கேட்க மாட்டான். நான்தான், “பாய், இங்கிட்டு தால்ச்சா ஊத்துங்க, இவனுக்குக் கறியா ரெண்டு துண்டு வைங்க” என்று குரல் கொடுப்பேன். டவுன் பஸ்ஸில் அவன் இறங்க வேண்டிய ஸ்டாப்பில் டிரைவர் நிறுத்தாமல் போனால், நிறுத்துங்க என்று ஒரு வார்த்தை சொல்லாமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்து வருவான். என் அம்மா அவனைப் பார்க்கும்போதெல்லாம், “அழுத பிள்ளைதான்ப்பா பால் குடிக்கும்” என்பார். அவன் சிரிப்பான். அம்மா கேட்காமலே இன்னொரு பரோட்டாவைப் போட்டுவிடுவார். பார்த்தீர்களா, இப்படித்தான் அவனுக்கு எல்லாம் நடந்தது. யாராவது ஒருவர் பார்த்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

அவன் கல்யாணமும் என் வாயால் நடந்ததுதான். பழனிப் பக்கத்தில் பெண் பார்க்கப் போய், அந்தப் பெண்ணை அவனுக்குப் பிடித்துப்போனது. முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. ஆனால் பிடித்திருக்கிறதா என்று பெரியவர்கள் கேட்டதற்கு, “உங்க இஷ்டங்க” என்று தரையைப் பார்த்தான். அந்தப் பெண் வீட்டார் இதைத் தப்பாக எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டார்கள். நான் குறுக்கே விழுந்து, “அய்யா, இவன் இப்படிச் சொன்னா நாளைக்கே முகூர்த்தம் வைக்கணும்னு அர்த்தம்” என்று அடித்துவிட்டேன். அந்தப் பெண்தான் முதலில் சிரித்தது. பின்னாளில் என்னை அண்ணா என்று கூப்பிட்ட தங்கச்சி அது. அவர்களுக்கு ஒரு பிள்ளையும் பிறந்தது.

இவனுக்கு இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று ரொம்ப நாள் எனக்கு விளங்கவில்லை. அவன் அண்ணனைப் பார்த்த பிறகு விளங்கியது. சின்ன வயதில் அப்பா போய்விட, தோட்டத்தை உழுது இவனைப் படிக்க வைத்தவர் அண்ணன். இவன் படிக்கிற காலத்தில் ஒருநாள் கொய்யாப்பழ மூட்டையோடு ஹாஸ்டலுக்கு வந்திருக்கிறார். மூட்டைக்குள் பழத்துக்கு அடியில் புது பாஸ்கெட்பால் ஷூ. இவன் கேட்கவே இல்லை. போன தடவை ஊருக்கு வந்தபோது கிழிந்த ஷூவை வாசலில் கழற்றிப் போட்டிருக்கிறான், அதை அவர் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். பரீட்சைக்குப் பணம் கட்டியது, மில் வேலைக்கு ஆள் பிடித்தது, பெண் பார்த்தது எல்லாம் அப்படியே. “எங்கண்ணன்ட்ட நான் வாயத் தொறந்து எதுவும் கேட்டதில்லடா. அவருக்கே தெரிஞ்சுரும்” என்பான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். கடவுளைப் பற்றிக்கூட மனிதர்கள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

நோயை முதலில் கண்டுபிடித்தது நான்தான். டாக்டர் அல்ல. மூலையிலிருந்து அவன் போடுகிற பந்து ரிங்குக்கு முன்னாலேயே இறங்க ஆரம்பித்தது. ஒருநாள் என்றால் சரி, தினமும் இறங்கியது. உற்றுப் பார்த்தால் ஷூவின் கயிற்றைக் கட்டாமல் உள்ளே செருகியிருக்கிறான். கால் வீங்கி, ஷூ கட்டுக்குள் வரவில்லை. மூச்சு வாங்குகிறது, ஆனால் என்னை மாற்றுங்கள் என்று வெளியே சைகை காட்ட மாட்டான். நானே விசில்காரரிடம் சொல்லி அவனை வெளியே இழுத்து வந்து, மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இரண்டு கிட்னியும் சுருங்கிப் போயிருந்தது. ரொம்ப நாளாகவே ரத்தக் கொதிப்பு இருந்திருக்கிறது. தலை வலிக்கிறது என்று யாரிடமாவது சொன்னால்தானே தெரியும்!

டயாலிசிஸ் ஆரம்பித்தது. மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்து திரும்ப உடம்புக்குள் விடுவது. அது தாக்குப் பிடிக்கத்தான், பிழைக்க வேண்டுமென்றால் வேறு கிட்னி வைக்க வேண்டும், சொந்தத்தில் யாராவது தந்தால் நல்லது என்றார் டாக்டர். அவன் பெண்டாட்டி, என் தங்கச்சிதான், முதலில் ஓடியது. அவளுக்குச் சர்க்கரை இருந்ததால் ஆகாது என்றுவிட்டார்கள். நான் தருகிறேன் என்றேன். சிநேகிதன் கொடுப்பதற்குச் சட்டத்தில் ஆயிரம் கேள்வி, அதற்கு முன்னால் என் ரத்த வகையே அவனுக்குச் சேராது. அண்ணனுக்கு அதே வகை. திடகாத்திரமான ஆள், ஒரு மாத்திரை சாப்பிட்டதில்லை. அவர் ஒருவர்தான் மீதி.

இனி இந்தக் கதையில் இருப்பதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். இவன் அண்ணனிடம் கேட்க வேண்டும்.

அண்ணன் அவனைப் பார்க்க வராமல் இல்லை. நெய்க்காரப்பட்டியிலிருந்து பஸ் மாறி மாறி, தோளில் இளநீர்க் குலையோடு வருவார். கிட்னி போனவனுக்கு இளநீர் விஷம், அதிலிருக்கிற சத்து இருதயத்தையே நிறுத்திவிடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அது அண்ணனுக்குத் தெரியாது. இவன் வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொள்வான். அவர் போனதும் பக்கத்துக் கட்டில்காரர்களுக்குத் துணைக்கு வந்தவர்கள் வெட்டிக் குடிப்பார்கள்.

“அண்ணன்ட்ட சொல்லித் தொலைக்க வேண்டியதுதானடா?” என்றேன்.

“அத்தன தூரத்திலிருந்து சுமந்துட்டு வராருடா. வேண்டாம்னு எப்பிடிச் சொல்றது?” என்றான். நாக்கு வறண்டு கிடக்கிறது. தண்ணீரே அளந்துதான் குடிக்க வேண்டும். அந்த இளநீரைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பான்.

நான் வாய் ஆயிற்றே, சும்மா இருப்பேனா? அவனிடம் சொல்லாமல் நெய்க்காரப்பட்டிக்குப் போனேன். தென்னந்தோப்பில் அண்ணன் வரப்பில் உட்கார வைத்துப் பேசினார். எல்லாம் சொன்னேன். ரொம்ப நேரம் மட்டையைக் கிள்ளிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

“டாக்டர் சொல்றாரு, நீங்க சொல்றீங்க, அந்தப் புள்ள அழுகுது. எல்லாஞ் சரிங்க பாய். அவன் வாயிலிருந்து ஒரு வார்த்த வரலீங்களே. நான் வளத்த பய, எங்கிட்டக் கேக்கறதுக்கு என்னங்க? கேட்டான்னா நான் இல்லீன்னு சொல்லுவனுங்களா?”

எனக்குக் காலே தரையில் பாவவில்லை. இவ்வளவுதானா, ஒரு வார்த்தைதானா என்று பஸ் ஏறினேன். வழியெல்லாம் பந்தை அவன் கையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்ட மாதிரி இருந்தது.

அவன் மசியவில்லை. “அவருக்குத் தெரியும்டா” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான். தங்கச்சி காலைப் பிடித்து அழுதது, நான் போய்க் கேட்கிறேன் என்றது. நீ போனால் நான் டயாலிசிஸுக்கே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். நாட்கள் போய்க்கொண்டிருந்தன. அவன் முகம் மண் நிறத்துக்கு வந்துவிட்டது. ஒருநாள் என்னால் தாங்க முடியவில்லை.

“இது பந்து இல்லடா, உசுரு. அந்த ஆளு கேளுன்னு வாய்விட்டுச் சொல்றாரு. ஒரு வார்த்தைக்குச் சாகப் போறியா? ஒம் பிள்ளைக்கு நான் என்னடா பதில் சொல்வேன்?”

என்னையே பார்த்தான். பிறகு, “சரி, போலாம். நீ மட்டும் வா. ஆனா அங்க நீ பேசக் கூடாது” என்றான்.

போனோம். ஒட்டன்சத்திரம் தாண்டியதும் ஜன்னலோரம் சாய்ந்து தூங்கிவிட்டான். வீட்டில் அண்ணி காபி கொண்டுவந்து வைத்தார். அவன் உதட்டை நனைத்துக்கொண்டான். அண்ணன் எதிரே கயிற்றுக் கட்டிலில். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் அத்தனை நேரம் பேசாமல் இருந்ததில்லை.

அவன் சுற்றி வளைக்கவில்லை. “அண்ணா, உங்க கிட்னில ஒண்ணு எனக்கு வேணுங்ண்ணா. குடுக்கறீங்களா?” என்றான். இரண்டு கையும் மடியில் விரிந்து கிடந்தன. நடுங்கின.

அண்ணன் அவனைப் பார்க்கவில்லை. வெளியே மோட்டார் ரூம் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்படியில் அண்ணி பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோயிருந்தது.

“யோசிச்சுச் சொல்றேன் கண்ணு” என்றார் கடைசியாக. “பாப்பாவுக்கு மாப்பிள்ள பாத்துட்டிருக்குது. தோட்டத்துல பாடுபடற ஒடம்பு… உங்க அண்ணியுங் கொஞ்சம் பயப்படறா. யோசிச்சுச் சொல்றேன்.”

“சரிங்ண்ணா” என்றான்.

கிளம்பும்போது அண்ணன் அவசர அவசரமாக ஆளை மரமேற்றி இளநீர் வெட்டச் சொன்னார். ஒரு சாக்கு நிறையக் கட்டிக் கொடுத்தார். அவன் அதையும் வாங்கிக்கொண்டான். பஸ் ஸ்டாப்வரைக்கும் நான்தான் தூக்கி வந்தேன்.

பஸ்ஸில் நான் குமுறினேன். யோசிக்கிறேன் என்றுதானே சொன்னார், இல்லை என்றா சொன்னார், நாளைக்கே நான் போய் உட்காருகிறேன் என்று எனக்கும் அவனுக்கும் சேர்த்துப் பேசினேன். அவன் என் முழங்கையில் கை வைத்தான்.

“விடுடா. கேக்காத வரைக்கும் குடுத்துருவாருன்னு இருந்துச்சு. அது நல்லா இருந்துச்சு.”

கொஞ்ச நேரம் கழித்து, “நான் கேட்டேன்னு யாருக்கும் தெரிய வேண்டாம். அவகிட்டயும் சொல்லாத. அண்ணன நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. எனக்காகச் செய்யிடா” என்றான்.

எங்கள் இத்தனை கால சிநேகிதத்தில் அவன் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். பெயர் போடாமல் எழுதினால் சொன்னதாகாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் தங்கச்சி ஓடி வந்து கேட்டது. “வாய் வரல” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்தான். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். “வாயத் தொறந்து கேக்கறதுக்கு என்ன கேடு உங்களுக்கு? எனக்காகக் கேக்கக் கூடாதா?” என்று அழுதாள். என்னையும் ஏசினாள். “கூடப் போயி என்னண்ணா பண்ணுனீங்க?” என்றாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அந்த வாரம் முழுக்க அவள் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் அதையும் வாங்கிக்கொண்டான்.

அண்ணன் யோசித்துச் சொல்லவே இல்லை. போன் செய்தால் அண்ணிதான் எடுப்பார், தோட்டத்துக்குப் போயிருக்காருங்க என்பார். ஆஸ்பத்திரிக்கு வருவதும் நின்றது. இளநீரும் நின்றது. எனக்கு அந்த மனிதர் மேல் இன்றைக்கும் கோபம் உண்டு. உடம்பைக் கீறிக் கொடுப்பது லேசான காரியமில்லை, பயப்பட அவருக்கு உரிமை உண்டு, எல்லாம் எனக்குப் புரிகிறது. முடியாது என்று தென்னந்தோப்பிலேயே என்னிடம் சொல்லியிருந்தால் நான் அவர் காலைத் தொட்டுவிட்டு வந்திருப்பேன். கேட்டால் தருவேன் என்று ஏன் சொன்னார்?

ஒரு காலையில் டயாலிசிஸுக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்திருக்கிறான். தண்ணீர் வேண்டுமா என்று தங்கச்சி கேட்டதற்குப் பதில் வரவில்லை. அவ்வளவுதான்.

நெய்க்காரப்பட்டிக்குக் கொண்டுபோனோம். எங்கள் டீம்காரர்கள் எல்லாரும் வேனில் வந்தார்கள். வாசலில் இறக்கி வைத்ததும் அண்ணன் ஓடிவந்து அவன் மேல் விழுந்தார். அந்த அழுகை பொய்யில்லை. வளர்த்த கை. அவன் முகத்தைத் தடவித் தடவி, ஊரே கேட்கக் கதறினார்.

“ஏஞ்சாமி, ஒரு வார்த்த கேட்டிருந்தீன்னா குடுத்திருப்பனே! எங்கிட்டக் கேக்கறதுக்கு என்ன சாமி? ஒரு வார்த்த கேக்காமப் போயிட்டியே!”

தங்கச்சி அதைக் கேட்டு, அண்ணனைப் பார்த்து, “கேக்கலியே மாமா, கேக்கலியே மாமா” என்று அவன் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அண்ணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஊர்ப் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். என் வாயில் எத்தனையோ வார்த்தைகள் முட்டிக்கொண்டு நின்றன.

அண்ணன் தலை நிமிர்ந்தார். கூட்டத்தில் என்னைப் பார்த்துவிட்டார். அந்தக் கண்ணில் அழுகை அப்படியே நின்றுபோனது. எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கை சில்லிட்டிருந்தது.

“கேட்டிருந்தா குடுத்திருப்பனுங்களே பாய்” என்றார். இப்போது சத்தமாக இல்லை.

எல்லாரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கச்சியும் பார்த்தது. நான் அவன் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பேசாமல் கிடந்தான்.

“அவன் யார்ட்டயும் எதையும் கேக்க மாட்டான்ல அண்ணே” என்றேன்.

ஆமாம் ஆமாம் என்று எங்கள் டீம்காரர்கள் தலையாட்டினார்கள்.